வெளுக்காத மை

பெயிண்ட் கடையில் வேலை பார்த்த அந்தப் பெண் பிறந்ததே கருப்பு வெள்ளையில்தான். மயக்கம் தெளிந்த அவளுடைய அம்மா பிள்ளையைப் பார்த்ததும் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. "லைட்டப் போடுங்க" என்றாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. நர்ஸ் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். டாக்டர் வந்து நெஞ்சைக் கேட்டார், எடையைப் பார்த்தார், எல்லாம் அளவாக இருக்கவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உதடு சாம்பல், நாக்கு அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல், கண் நல்ல கருப்பு. எந்த நிறத்து உடையைப் போட்டாலும் அவள் மேல் பட்டதும் சாம்பலாகிவிடும். கழற்றிக் கொடியில் போட்டால் போன நிறம் திரும்பி வந்துவிடும். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் முட்டியில் ரத்தம் கருப்பாக இருக்கும், தரையில் சொட்டியதும் சிவப்பாகும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நெகட்டிவ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கொஞ்ச காலம் ஊரே அவளை அதிசயமாகப் பார்த்தது. அப்புறம் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோனது, ஊருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மாவுக்கு வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அப்பா என்பவர் அதற்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தார். ஒரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, பிள்ளையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு அம்மா விமானம் ஏறினாள். அந்த ஒரு வருஷம் இழுத்துக்கொண்டே போனது. நடுவில் ஊருக்கு வந்தால் வேலை போய்விடும் என்ற நிலைமை. ஆக, அம்மா என்பது வாரம் ஒரு முறை போனில் வருகிற குரல் என்றாகிவிட்டது. அந்தக் குரல் சாப்பிட்டாயா என்று கேட்கும், படித்தாயா என்று கேட்கும், கடைசியில் கொஞ்சம் தயங்கி, "நிறம் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்கும். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரு தடவை அவள், "காது மடல்ல லேசா வந்த மாதிரி இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டாள். அம்மா போனிலேயே அழுதுவிட்டாள். அன்று முதல் அவளுக்கு ஒரே ஆசைதான்: அம்மாவுக்கு முன்னால் நேரில் போய் நிற்க வேண்டும், அந்தக் கை தன் காது மடலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பொய் தெரிந்தால் தெரியட்டும்.

வளர்ந்ததும் பெரியம்மா அவளைக் கடைத்தெருவில் பெயிண்ட் கடையில் சேர்த்துவிட்டாள். முதலாளி முதலில் யோசித்தார். பிறகு, தன் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அவளைச் சேர்த்துக்கொண்டதுதான் என்று சொல்லித் திரிந்தார். சொந்தமாக ஒரு நிறமும் இல்லாதவள் எந்த நிறத்துக்கும் ஓரவஞ்சனை செய்யமாட்டாள் என்று ஜனங்கள் நம்பினார்கள். சுவருக்கு எந்தப் பச்சை என்று புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொண்டு நின்றால் அவள் ஒன்றைத் தொட்டுக் காட்டுவாள், சண்டை தீர்ந்துவிடும்.

அதே தெருவில் இரண்டு கடை தள்ளி ஒரு போட்டோ கடை இருந்தது. அக்காவும் தம்பியும் நடத்தினார்கள். முன்னறையில் படம் எடுப்பது, சிரிக்கச் சொல்வது, சொன்ன தேதிக்குப் படம் தயாராகாவிட்டால் வாயால் சமாளிப்பது எல்லாம் அக்கா. பின்னறையில் பிரிண்டரோடு மல்லுக்கட்டுவது தம்பி. நகக்கண்ணில் எப்போதும் மை இருந்ததால் அவனுக்கு மைக்காரன் என்றே பெயர். கல்யாணப் பேச்சை எடுத்தால், அவன் பிரிண்டரைக் கட்டிக்கொண்டு ரொம்ப நாளாகிறது என்று அக்கா சொல்வாள். அந்தக் குடித்தனமும் சரியாக இல்லை. கருப்பு வெள்ளைப் படங்கள் மேல் ஜனங்களுக்கு மோகம் வந்திருந்த நேரம் அது. கம்ப்யூட்டரில் பார்த்தால் படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். தாளில் வந்தால் வேறு கதை. பிரிண்டரில் கலர் மைகளோடு கருப்பு மை ஒன்றுதான் உண்டு, சாம்பல் மை கிடையாது. நடுவில் வருகிற சாம்பலையெல்லாம் அது நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்து ஒப்பேற்றியது. அந்தப் படத்தை ஜன்னல் பக்கம் வைத்தால் முகம் காய்ச்சல்காரருடையது போலச் சிவந்திருக்கும், டியூப் லைட்டுக்கு அடியில் வைத்தால் பாசி பிடித்தது போலப் பச்சையடிக்கும். வாங்கிப்போனவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். மைக்காரனுக்குச் சோறு இறங்கவில்லை. "வாங்கறவங்களே ஒண்ணும் சொல்லல, உனக்கு என்னடா வந்துச்சு?" என்று அக்கா சத்தம் போட்டாள்.

அவன் கலர் மைகளையெல்லாம் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, கரியிலிருந்து எடுத்த மையை வாங்கி வந்தான். ஒன்றைக் கெட்டியாக விட்டு, மற்றவற்றை ஒன்றைவிட ஒன்று நீர்க்கக் கரைத்து, மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி இருக்கிற கடைசிச் சாம்பல் வரைக்கும் வரிசையாகச் செய்து, ஊசியால் மைக்குப்பிகளில் ஏற்றினான். மையில் இரண்டு ஜாதி என்பதை அப்போதுதான் அக்காவுக்கும் விளக்கினான். சாய மை தண்ணீரில் சர்க்கரை போலக் கரைந்திருக்கும், பளபளவென்று அடிக்கும், பிரிண்டருக்குத் தொந்தரவே தராது. ஆனால் வெளிச்சம் அதைத் தின்றுவிடும், கொஞ்ச வருஷத்தில் வெளுத்துப்போகும். துகள் மை கரையாது, மாவுபோலத் தண்ணீரில் மிதக்கும், பிரிண்டரில் மை வருகிற துளைகளை அடைக்கும், உயிரை வாங்கும். ஆனால் தாளில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. கரி மை இரண்டாவது ஜாதி. எல்லாம் சரி, அது சாம்பலாக வந்ததா என்பதுதான் தெரியவில்லை. நாள் முழுக்கச் சாம்பலைப் பார்த்தால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சோதனைக்கு அடித்த தாள் பட்டைகள் பின்னறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவில் அவன் பேயறைந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

அப்படி ஒரு மதியம் பெயிண்ட் கடைப் பெண் பெரியம்மாவின் படத்தை வாங்கிப்போக வந்தாள். அக்கா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மைக்காரன் கையில் ஒரு பட்டை இருந்தது. இதோடு தலைவலி தீர்ந்தது என்று அவன் நம்பிக்கொண்டிருந்த பட்டை. அவள் படத்துக்காகக் கை நீட்டினாள். அவளுடைய மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பட்டையைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டை அப்பட்டமான பழுப்பு.

"கையை அப்படியே வைங்க, ஆட்டாதீங்க" என்று சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனான். அக்கா சாப்பிட்ட கையோடு ஓடி வந்தாள். "டேய், என்னடா பண்ற?"

"இவங்க கைதான்க்கா சரியான சாம்பல்."

ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க எத்தனையோ பேர் எத்தனையோ சாக்குச் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றும் அக்கா பின்னால் சொல்வாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் எங்காவது கொஞ்சம் நிறம் இருக்கிறதா என்றுதான் பார்த்திருந்தார்கள். சாம்பலுக்காகவே பார்த்தவன் இவன் ஒருவன்தான்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து ஜன்னலோரம் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள், அவன் பட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பான். அவளுடைய சாம்பல் ஒன்றல்ல என்று கண்டுபிடித்தான். மணிக்கட்டின் உள்பக்கம் லேசாகக் கதகதப்பான சாம்பல். புறங்கையில் மழை வரப்போகிற வானத்தின் சாம்பல். வெளிறிய மைகளில் கரியை மட்டும் விட்டான், அடர்ந்த மைகளில் ஒரு பொட்டு நீலத் துகளைச் சேர்த்தான். கை அங்கேயே இருக்க வேண்டியிருந்ததால் வாய் பேசியது. முதியோர் இல்லத்து அம்மாவைப் பற்றிச் சொன்னாள். காது மடல் பொய்யைச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரைச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது, "நெகட்டிவ்னா பல்லு கருப்பா இருக்கணும், அதுகூடத் தெரியாதா அவங்களுக்கு?" என்றான். அவள் வெகுநேரம் சிரித்தாள். ஒருநாள் அவளுடைய மணிக்கட்டின் மேல் அவன் வைத்த பட்டை காணாமல் போய்விட்டது. மேஜைக்கு அடியில் தேடினார்கள், அவள் மடியில் தேடினார்கள். கடைசியில் அவன் விரலால் தடவிப் பார்த்து, ஓரம் நகத்தில் தட்டுப்பட்டதும்தான் அது அங்கேயே இருப்பது தெரிந்தது.

மை சரியாகிவிட்டதால் அக்கா அவளை மர ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தாள், அவன் அதைச் சொரசொரப்பான தாளில் பெரிதாக அச்சடித்துப் பின்னறைச் சுவரில் மாட்டினான். மறுநாள் காலையில் படத்திலிருந்தவள் தலையை வேறு மாதிரி பின்னியிருந்தாள். மை இன்னும் காயவில்லை என்று நினைத்தான். மதியம் அவள் அதே பின்னலோடு வந்து நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. அக்காவிடம் காட்டினான். தாள் நல்ல தாள், அதுதான் காரணம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மை சரியான பிறகும் அவள் மதியங்களில் வந்துகொண்டுதான் இருந்தாள். எதற்கு வருகிறாய் என்று அவன் கேட்கவில்லை, எதற்குப் பட்டை அடிக்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை. அப்படியே போயிருக்கலாம். ஆனால் அம்மா இத்தனை வருஷமாக அலைந்ததற்குப் பலன் கிடைத்து, மகளுக்கும் அதே முதியோர் இல்லத்தில் வேலை போட்டுக் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. கலர் போட்டோ வேண்டும் என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொன்னார்கள். கலர் போட்டோதான் எடுத்துக்கொண்டு போனாள். பின்னால் தொங்கிய நீலத் திரைகூட நீலமாகத்தான் இருந்தது, அவள்தான் சாம்பலாக இருந்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடி திருப்பி அனுப்பினார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படம் உங்கள மாதிரியேதாம்மா இருக்கு, அதான் பிரச்சனையே" என்று வருத்தப்பட்டார். முகத்தில் ஒரு துளி நிறம் தெரிந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். இன்னொரு விதியையும் அக்கறையாக எடுத்துச் சொன்னார்: பாஸ்போர்ட்டில் ஒட்டிய படத்தில் அந்த நிறம் மங்கிப்போனால் அங்கேயே மாற்ற முடியாது; சொந்த ஊருக்கு வந்து புதுப் படம் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுவரை அங்கே வேலை செய்யக்கூடாது.

அவள் நேராகப் போட்டோ கடைக்கு வந்தாள். "உங்க பிரிண்டர்ல முன்னாடி ஒரு குறை இருந்துச்சே, சிவப்படிக்கும்னு சொல்வீங்களே. அது எனக்கு வேணும்" என்றாள். இத்தனை நாளாக உயிரைக் கொடுத்துத் துரத்திய குறையை ஒரே ஒரு படத்துக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும். சரி என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் போன பிறகு அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஓரம் வைத்திருந்த பழைய சாய மைகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல அடிச்சுக் குடு. சுலபமா சிவப்பு வரும். கொஞ்ச வருஷத்துல வெளுக்கும், ஊருக்கு வந்துதானே ஆகணும்? வெளுக்க வெளுக்க வருவா."

"நடுவுல வெளுத்துட்டா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கக்கா. அம்மாகிட்ட இருந்து பிரிச்சு அனுப்பிடுவாங்க."

"அவளைப் பத்தி யோசிச்சது போதும். உன்னைப் பத்தி யாருடா யோசிக்கறது?"

மைக்காரன் அந்த மதியம் முழுக்கச் சாய மையை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவள் திரும்பி வந்து கதவைத் தள்ளுவது, ஜன்னலோரம் கையை வைப்பது, புதுப் படம் வாங்கிக்கொண்டு போவது, மறுபடி வெளுப்பது, மறுபடி வருவது என்று ஒரு ஆயுளையே அந்தக் குப்பிகளில் பார்த்துவிட்டான். கூடவே, ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கவுண்ட்டருக்கு முன்னால், இவன் அச்சடித்த படம் வெளுத்துவிட்டது என்பதற்காக அவள் கைகட்டி நிற்பதையும் பார்த்தான். எழுந்து சாய மையை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினான். துளைகளைச் சுத்தம் செய்து, கரி மையில் சிவப்புத் துகளும் மஞ்சள் துகளும் சேர்த்து, துளைகள் அடைக்க அடைக்கத் துடைத்து, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் போராடி ஒரு சின்னப் படம் அச்சடித்தான். அதில் அவள் கன்னத்தில், இப்போதுதான் வெயிலில் நடந்து வந்தவள் மாதிரி, லேசாக ஒரு சிவப்பு இருந்தது. அதிகாரி படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புறப்படுவதற்கு முன் சொல்லிக்கொள்ள வந்தவள் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தாள். "இந்த நிறம் எவ்வளவு நாளைக்கு வரும்?" என்று கேட்டாள்.

"நீங்களும் நானும் போன பிறகும் இருக்கும்" என்றான் மைக்காரன். அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய வாக்கு கிடையாது.

"அவ்வளவு நாளா?" என்றாள் அவள். கொஞ்சநேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான். ஊரில் மையைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, மற்றதில் அவன் சுத்த மக்கு.

அதன் பிறகு வருஷங்கள் போயின. கருப்பு வெள்ளைப் படத்துக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவனிடம் வந்தார்கள். பட்டையைச் சரிபார்க்க அவனுக்கு இனிக் கை தேவையில்லை. ஆனாலும் மதிய நேரத்தில் ஜன்னலோர நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டான். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை பின்னறைச் சுவரைப் பார்ப்பது. படத்திலிருந்தவள் முதியோர் இல்லத்து வெள்ளைத் தொப்பி போட்டிருந்தாள். அங்கே போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒருநாள் அவளுடைய காது மடலுக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய விரல் நுனிகள் தெரிந்தன, கலரில். கரி மையில் அடித்த படத்தில் கலர் எங்கிருந்து வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. உட்கார்ந்து அழுதான், அவ்வளவுதான். பிறகு தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள், மூக்குக்கண்ணாடி வந்தது. ஒரு காலையில் அவள் முகம் அழுது வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு அவன் கடையைச் சாத்தினான். அம்மா போய்விட்டாள் என்ற செய்தியைப் பெரியம்மா சாயங்காலம்தான் கொண்டு வந்தாள். இனி அவள் வந்துவிடுவாள் என்று நினைத்தான். வரவில்லை. பெரியம்மாவும் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். சுவரில் எதிரிலிருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாதது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு விஷயம் மட்டும் அவனுக்குப் புரியவே இல்லை. படத்தில் அடிக்கடி அவள் முகத்தில் ஒரு பக்கமாகக் கடுமையான வெயில் விழுந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே எதையோ பார்த்தபடி இருந்தாள். வேலை நேரத்தில் ஜன்னலோரம் என்ன செய்கிறாள் என்று கவலைப்பட்டான்.

ஒரு மதியம் கடையில் போன் அடித்தது. அக்கா எடுத்து, கேட்டு, தம்பியிடம் நீட்டினாள்.

"என் படத்துக்கு என்ன மை போட்டீங்க?" என்றது குரல்.

"ஏன், மங்கிடுச்சா?"

"மங்கவே மாட்டேங்குது. வெயில் வர்றப்பல்லாம் ஜன்னல்ல திறந்து வெச்சுப் பாத்துட்டேன். அம்மா போனதுலேர்ந்து வெச்சுட்டே இருக்கேன். கொஞ்சம்கூட வெளுக்கல."

"வெளுத்தா வேலை செய்ய விடமாட்டாங்களே."

"தெரியும். வெளுத்தாத்தானே ஊருக்கு வர முடியும்."

அந்தப் பக்கம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். லீவு கேட்டால் காரணம் எழுதச் சொல்கிறார்கள். அம்மா இல்லை, பெரியம்மா அந்த ஊரில் இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று எழுதுவது? யாரும் கூப்பிடவில்லையே. படமாவது கூப்பிடும் என்று பார்த்தால், அதுவும் இப்படிப் பண்ணுகிறது. அவளுடைய வருஷங்களையெல்லாம் தின்றது தன் நல்ல மைதான் என்று அவனுக்கு அப்போது புரிந்தது. அக்கா எதிரில் நின்று, வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன் என்று ஜாடை காட்டினாள்.

"நான் கூப்பிட்டேன்னு எழுது" என்றான்.

அந்தப் பக்கம் பேனாவுக்கு மூடி திறக்கிற சத்தம் கேட்டது. முதியோர் இல்லத்து மேலாளர் அந்தக் காரணத்தைப் படித்தார், எதிரில் நின்ற சாம்பல் நிறத்துப் பெண்ணைப் பார்த்தார், இது போதும் என்று லீவு கொடுத்துவிட்டார்.

அவள் விமானம் ஏறிய அன்றே சுவரிலிருந்த படத்திலிருந்து போய்விட்டாள்; மர ஸ்டூல் மட்டும் இருந்தது. மறுநாள் மதியம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பையைக் கீழே வைத்தாள். முன்தலையில் நல்ல வெள்ளை ஓடியிருந்தது, அவளுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. படம் வாங்கிப்போக வந்திருந்த ஒரு அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு யார் என்று கேட்டாள். "நம்ம வீட்டுப் பொண்ணுதான், வெளிநாட்டுல இருந்தா" என்றாள் அக்கா. அங்கே போயும் நிறம் மாறவே இல்லையே, நல்ல உடம்பு என்று அந்த அம்மாள் பாராட்டிவிட்டுப் போனாள். அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள், கையைத் திருப்பி மேஜையில் வைத்தாள். மைக்காரனிடம் பட்டை எதுவும் இல்லை, வெறும் கைதான் இருந்தது, அதை வைத்தான்.

"எப்ப திரும்பிப் போகணும்?" என்று கேட்டான்.

"படம் வெளுத்ததும் போயிடறேன்" என்றாள் அவள்.

அக்கா இன்னொரு தட்டு எடுத்து வைக்க உள்ளே போனாள்.